தமியா டி-72எம்1 டாங்க் கிட், 1/35: ஆவடிக்காரன் ஒட்டுன ஆவடி டாங்க்

மொதல்லயே சொல்லிடறேன், நான் இதுல பெரிய ஆளெல்லாம் கெடையாது. இது நான் ஒட்டுற மூணாவது பிளாஸ்டிக் மாடல் டாங்க், ஜப்பான் தமியா கம்பெனி கிட், நெஜ டாங்க்ல 35-ல ஒரு பங்கு சைஸ். மொதல்ல ஒட்டுனது அலமாரியில புக்குங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, ரெண்டாவத அக்கா பையன் ஒரே சண்டேல மண்ணுல ஓட்டி முடிச்சுட்டான். அதனால இத ஒரு எக்ஸ்பர்ட் ரிவ்யூன்னு எடுத்துக்காதீங்க, ஏழு வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல டைனிங் டேபிள்ல பேப்பர் விரிச்சு ஒக்காந்தவன் சொல்றதா எடுத்துக்கங்க.

டாங்க் ஆர்டர் பண்ணிருக்கேன்னு வீட்ல சொன்னப்ப அம்மா, "மொட்டை மாடியில இருக்கறதுக்கு இப்ப என்ன கேடு, போன வருஷம்தானே கழுவுனோம்"னு கேட்டாங்க. தண்ணி டாங்க் இல்லம்மா, சண்ட போடற டாங்க்குன்னு வெளக்கி, அது பிளாஸ்டிக்ல பொடிப்பொடியா வரும், நாமளே ஒட்டணும்னு சொல்லி, வெலையில பாதிய மட்டும் சொல்லி ஒரு வழியா முடிச்சேன். அப்பா மட்டும் பேப்பர்லேந்து தலைய தூக்கி "என்ன டாங்க்?"னு கேட்டார். டி-72ன்னேன். "டி-72 எம்மா, இல்ல டி-72 எம் ஒன்னா?"ன்னார். அங்கதான் ஆரம்பிச்சுது.

அப்பா ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், கடைசி வருஷங்கள்ல இன்ஸ்பெக்‌ஷன். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1961-ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, 1965 கடைசில மொத விஜயந்தா டாங்க் வெளிய வந்துச்சு, அது இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனி டிசைன். அப்புறம் சோவியத் ரஷ்யாகிட்ட லைசன்ஸ் வாங்கி 80-கள் கடைசில இருந்து டி-72எம்1 இங்கயே பண்ணாங்க, அதுக்கு அஜேயான்னு பேர். அதாவது இந்தப் பெட்டிக்குள்ள ஜப்பான்காரன் வெச்சு அனுப்புற டாங்க் நம்ம ஊர் டாங்க்தான், மேல எந்த எக்ஸ்ட்ராவும் மாட்டாத மொட்டை அஜேயா. (ஆவடிங்கறதே ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இண்டியாவோட சுருக்கம்னு வாட்ஸப்ல ஒண்ணு சுத்துது பாருங்க, அது சுத்த கப்ஸா. 1955-லயே ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்துருக்கு, அப்ப ஃபேக்டரியே கெடையாது.)

சரி கிட்டுக்கு வருவோம். பெட்டில நம்பர் 35160, டிசைன் 1990-ல வந்தது. ஆமா, முப்பத்தஞ்சு வருஷம் பழசு, இன்னும் விக்கிறான். எனக்கு எல்லாம் சேத்து மூவாயிரத்து சொச்சம் ஆச்சு. கொரியர்ல பெட்டி ஒரு மூல நசுங்கி வந்துச்சு, உள்ள ஒண்ணும் ஆகல, ஆனா இந்த ஹாபில இருக்கறவங்களுக்கு தெரியும் பெட்டிப் படத்துக்கே பாதி காசு குடுக்கறோம், மூல நசுங்குனா மனசும் நசுங்குது.

1/35ங்கற இந்த வெட்டி நம்பர் எங்கேந்து வந்துச்சுன்னு ரொம்ப நாளா எனக்கு டவுட்டு. 1/32 இல்ல 1/48ன்னா அடி, இன்ச் கணக்குல ஒழுங்கா வரும், 35 எதுக்குன்னு. 60-கள் ஆரம்பத்துல தமியா ஒரு பேந்தர் டாங்க் கிட் போட்டுருக்காங்க, அதுக்குள்ள மோட்டாரும் கியர்பாக்ஸும் பேட்டரியும் வெக்கணும், பேட்டரி உள்ள ஒக்கார்ற அளவுக்கு டாங்க்க பெருசாக்கிட்டு அப்புறம் கணக்கு போட்டுப் பாத்தா சுமாரா 35-ல ஒரு பங்கு வந்துருக்கு. அவ்ளோதான். இன்னைக்கு உலகம் முழுக்க பாதி கம்பெனி அந்த சைஸ்லதான் டாங்க் போடறான், காரணம் ஒரு பேட்டரி. ஷிசுவோக்கால 1946-ல மரக்கடையா ஆரம்பிச்ச கம்பெனி அது, பிளாஸ்டிக்குக்கு வந்ததே 1960-லதான்.

இந்த ஸ்கேல்ல நெஜ டி-72 எவ்ளோ வரும்னா, பீரங்கி நுனிலேந்து பின்னாடி வரைக்கும் நெஜத்துல ஒம்பதரை மீட்டர், இங்க 27 சென்டிமீட்டர். அகலம் பத்து சென்டிமீட்டர் சொச்சம். 41 டன்னுக்கு மேல உள்ளது கைல தூக்குனா ஒரு பிஸ்கெட் பாக்கெட் வெயிட்.

ஒட்டுற வேலை பத்தி சொல்லணும்னா, சுகம். தமியா கிட்டுல பார்ட் பொருந்துறதுக்கு ஒரு பேர் இருக்கு, அது சும்மா இல்ல. பார்ட்டெல்லாம் ஒட்டி வர்ற ஃப்ரேம்லேந்து நிப்பர்ல (சின்ன கட்டிங் பிளையர்) நறுக்கும்போது பார்ட்ட ஒட்டியே நறுக்காதீங்க, கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் மிச்சத்த ஒரு வெட்டு, கடைசில உப்புத்தாள்ல 400, 800னு நம்பர் ஏத்தி தேய்ச்சா தழும்பே தெரியாது. நகவெட்டில பண்ணலாம்னு யூட்யூப்ல சொல்றத நம்பி என் மொத டாங்க்ல பண்ணேன், ஒவ்வொரு பார்ட்லயும் எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு.

பசை. இத கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா புதுசா வர்ற எல்லாரும் இங்கதான் விழறாங்க, நானும் விழுந்தேன். மொத டாங்க் முழுக்க பெட்டிக்கடைல கெடைக்கற சூப்பர் க்ளூல ஒட்டுனேன். வெரல் ஒட்டுச்சு, டேபிள் ஒட்டுச்சு, டாங்க்தான் கீழ விழுந்தா கண்ணாடி மாதிரி பிரிஞ்சுது, போதாக்குறைக்கு ஒட்டுன எடத்த சுத்தி வெள்ளையா விபூதி பூசுன மாதிரி படிஞ்சுது. இதுக்குன்னு இருக்கறது தமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், பச்சை மூடி, 40 மில்லி பாட்டில், மூடிக்குள்ளயே மெல்லிசா ஒரு பிரஷ். இது பசையே இல்லைங்க. ரெண்டு பார்ட்டயும் சேத்து புடிச்சுக்கிட்டு பிரஷ் நுனிய இடுக்குல லேசா தொட்டா போதும், தண்ணி மாதிரி தானா உள்ள ஓடும், பிளாஸ்டிக்க கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடும், அப்புறம் அது ஆவியாப் போயிடும். அப்பா பாத்த ஒடனே "வெல்டிங்குடா இது"ன்னார், கரெக்டு. லேசா அமுக்குனா இடுக்குலேந்து ஒரு சின்ன மணி மாதிரி பிளாஸ்டிக் பிதுங்கும், அத மறுநாள் தேய்ச்சு எடுத்தா கோடே இருக்காது. உள்ள இருக்கறது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும், அதனால ஜன்னல தெறந்து வெச்சுக்கங்க, ஃபேன் சுத்தட்டும், ரூம பூட்டிட்டு ஒக்காந்தா தலைவலி கன்ஃபர்ம். கையில சிமென்ட் ஒட்டிக்கிட்டு டாங்க்க தொட்டா உங்க கைரேகை அதுல நிரந்தரமா பதிஞ்சுடும், என்னோடது இடது பக்க ஃபெண்டர்ல இருக்கு.

அப்புறம் சக்கரம். ஒரு பக்கத்துக்கு ஆறு ரோடு வீல், ஒவ்வொண்ணும் ரெட்டை, ஆக மொத்தம் 24. ஒவ்வொண்ணுக்கும் பச்சை அடிச்சு, ஓரத்துல ரப்பருக்கு கருப்பு அடிக்கணும். கொலுப்படி பொம்மைக்கு கண்ணு எழுதற அளவுக்கு பொறுமை வேணும். நான் கண்டுபிடிச்ச வழி, நடு ஓட்டைல பல்குச்சிய சொருகி, பிரஷ்ஷ அசைக்காம புடிச்சுக்கிட்டு சக்கரத்த மட்டும் சுத்தறது. பத்தாவது சக்கரத்துல கை படிஞ்சுடும், இருபதாவதுல ஏன் இத வாங்குனோம்னு தோணும்.

செயின்ல கைய சுட்டுக்கிட்டேன். செயின்னா ட்ராக்கு, இதுல ஒரு பக்கத்துக்கு ஒரே நீள ரப்பர் பட்டையா வருது. புதுசா வர்ற மெங், ட்ரம்பீட்டர் கம்பெனி கிட்டெல்லாம் தனித்தனி லிங்க்கா குடுக்கறான், டி-72க்கு ஒரு பக்கமே தொண்ணூறு சொச்சம் லிங்க், அத ஒட்டி முடிக்கறதுக்குள்ள பாதிப் பேர் இந்த ஹாபிய விட்டே ஓடிடுவாங்க, அதனால பட்டை எனக்கு ஓகே. நுனில சின்ன குமிழ், இன்னொரு நுனில ஓட்டை, மாட்டிட்டு சூடான ஸ்க்ரூடிரைவரால குமிழ லேசா அழுத்தி உருக்கிவிடணும். லேசா. நான் கேஸ் அடுப்புல ஸ்க்ரூடிரைவர வெச்சு அம்மா வர்றதுக்குள்ள முடிக்கணும்ங்கற அவசரத்துல காய்ச்சி வெச்சேன், குமிழோட சேந்து ரெண்டு லிங்க்கும் உருகி அப்பளம் மாதிரி சுருண்டுடுச்சு, கிச்சன் பூரா ரப்பர் நாத்தம். கடைசில கருப்பு நூல்ல தெச்சேன். எம்1-க்கு ரெண்டு பக்கமும் முழு நீளத்துக்கு பாவாடை மாதிரி தகடு தொங்குது இல்ல, அதனால தெச்ச எடத்த மேல திருப்பி விட்டேன், வெளிய ஒண்ணும் தெரியல. இதையே பாவாடை இல்லாத ஒரு டாங்க்ல பண்ணிருந்தா செத்தேன். இன்னொரு விஷயம், இந்த மாதிரி ரப்பர் பட்டைல மெதுவா இருக்கறதுக்காக சேக்கற எண்ணெய் மாதிரி பொருள் வருஷக்கணக்குல கசிஞ்சு பக்கத்துல படற பிளாஸ்டிக்க கரைக்கும்னு சொல்வாங்க, எந்த கம்பெனி கிட்டா இருந்தாலும். அதனால சக்கரத்துக்கு பெயின்ட் அடிச்சு காய்ஞ்சப்புறம் செயின் மாட்டுங்க, வெறும் பிளாஸ்டிக் மேல மாட்டாதீங்க.

ஒரு மாசம் கழிச்சு பாடியும் டரட்டும் (மேல பீரங்கியோட சுத்தற தலை) ஒட்டி, பெயின்ட் இல்லாம நின்னப்ப, பெருமையா அப்பா முன்னாடி வெச்சேன். அவர் கண்ணாடிய மாத்தி போட்டுக்கிட்டு, கையில எடுத்து, லைட்டுக்கு நேரா புடிச்சு, சுத்திச் சுத்திப் பாத்தார். ஒரு வார்த்த பேசல. அப்புறம் எழுந்து போய் பீரோலேந்து ஒரு பழைய வெர்னியர், அதான் மில்லிமீட்டருக்கும் கீழ அளக்கற கருவி, எடுத்துட்டு வந்தார். எனக்கு வயித்த கலக்குச்சு.

"இது என்னடா கேப்பு?"

முன்பக்க சாய்வுத் தகடும் சைடும் சேர்ற எடத்துல மயிரிழை கேப்பு. கிட்டு மேல தப்பு இல்ல, நான் அமுக்கிப் புடிக்கற நேரத்துல ஃபோன் வந்துச்சு, எடுத்துட்டேன். அது ஒண்ணும் இல்லப்பா, பாயின்ட் த்ரீ மில்லிமீட்டர்தான்னேன்.

"எத்தனைல ஒரு பங்குன்ன?"

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சு மூணு நூத்தியஞ்சு. பத்தரை மில்லி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல கேப்பு விட்டு ஒரு டாங்க்க கொண்டாந்து என் முன்னாடி நிறுத்துன ஆள நான் பாத்ததே இல்ல."

அன்னைக்கு ராத்திரி புட்டி வெச்சு அடைச்சேன். அதுலேந்து இந்த கிட்ட பாக்கற கண்ணே மாறிப் போச்சு, எத தொட்டாலும் மனசுக்குள்ள முப்பத்தஞ்சால பெருக்குது. பெயின்ட்ல ஒரு தூசி படிஞ்சா அது நெஜத்துல தேங்கா சைஸ். பீரங்கி 125 மில்லிமீட்டர், 35-ஆல வகுத்தா மூணரைக்கு கொஞ்சம் மேல, அப்பா வெர்னியர வாயில வெச்சு அளந்துட்டு தலைய ஆட்டுனார், அது சரிங்கறாரா இல்லங்கறாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அப்புறம் புகைக்குண்டு குழாய். டரட் முன்னாடி ரெண்டு பக்கமும் குட்டிக்குட்டி குழாய் இருக்குமே, எதிரிக்கு தெரியாம புகை மூட்டம் போட. அதுல ஒண்ணு நிப்பர்லேந்து டிங்குன்னு தெறிச்சு கட்டிலுக்கு அடில போச்சு, டார்ச் அடிச்சு, பெருக்கி, தூசியெல்லாம் சலிச்சும் பாத்தாச்சு, கெடைக்கல. சரி ஒண்ணு கொறைஞ்சா யாருக்கு தெரியும்னு விட்டுட்டேன். அப்பா பாத்த ஒடனே, "இடது பக்கம் ஏழு, வலது பக்கம் அஞ்சு, மொத்தம் பன்னெண்டு. உனக்கு பதினொண்ணுதான் இருக்கு." நெஜக் குழாய் 81 மில்லி, இந்த ஸ்கேல்ல ரெண்டே கால் மில்லி சொச்சம், தேடிப் பாத்தா காது கொடையற பட்ஸ் குச்சி கிட்டத்தட்ட அதே தடிமன். நறுக்கி ஒட்டி பச்சை அடிச்சேன். எது பட்ஸ்ன்னு இப்ப நீங்க வந்து பாத்தா சொல்ல முடியாது. அப்பா சொல்வார்.

பெயின்ட் பெட்டியோட வராது, இது பலருக்கு தெரியாம வாங்கிட்டு முழிக்கறாங்க. பசையும் வராது, பிரஷ்ஷும் வராது. தமியா அக்ரிலிக் பத்து மில்லி குட்டி பாட்டில்ல வரும், நான் எக்ஸ்எஃப்-61 டார்க் க்ரீனும் எக்ஸ்எஃப்-59 டெசர்ட் எல்லோவும் வாங்கினேன், நம்ம ஆர்மி டாங்க்குங்க ராஜஸ்தான் பக்கம் பச்சையும் மணல் கலரும் பட்டை பட்டையா இருக்குமே, அதுக்கு. ஏர்பிரஷ்ல (காத்து அழுத்தத்துல பெயின்ட் தெளிக்கற குட்டி கன்) அடிச்சா இந்த பெயின்ட் வெண்ணெய். சாதா பிரஷ்ல அடிச்சா தொல்லை, ரெண்டாவது கோட் அடிக்கும்போது மொத கோட்ட கரைச்சு இழுத்துக்கிட்டு வரும். பிரஷ்தான் இருக்குன்னா ஸ்பெயின்லேந்து வர்ற வயேஹோ பெயின்ட் வாங்குங்க, சொட்டு சொட்டா விடற பாட்டில், தண்ணி கலந்து மெல்லிசா மூணு கோட் அடிக்கலாம், நாத்தமும் இல்ல, டைனிங் டேபிள்ல அடிச்சாலும் யாரும் திட்ட மாட்டாங்க. ஏர்பிரஷ்காரங்களுக்கு சென்னைல இன்னொரு கூத்து இருக்கு, நம்ம ஊர் காத்துல இருக்கற ஈரத்துக்கு கம்ப்ரஸர்ல தண்ணி சேந்து நடுவுல பொளிச்னு துப்பும். ஈரம் புடிக்கற டப்பா இல்லாம மழைக்காலத்துல ஏர்பிரஷ்ஷ தொடாதீங்க. நான் அக்டோபர்ல அடிச்சேன், டரட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆச்சு, ஆனா டி-72 டரட் அச்சுல வார்த்த ஸ்டீல்தானே, சொரசொரன்னுதான் இருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

டெக்கால்ல, அதாவது தண்ணில ஊற வெச்சு ஒட்டற ஸ்டிக்கர்ல, நம்ம ஆர்மி மார்க்கிங் கெடையாது. மேல பாக்கற அம்புக்குறி போட்டு நம்பர் எழுதுவாங்களே, அத நானே ரொம்ப மெல்லிசான 000 பிரஷ்ல எழுதுனேன், கிட்டக்க பாக்காதீங்க. வேற நாட்டு மார்க்கிங் ஒட்டறவங்க, மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டாதீங்க, அடில காத்து மாட்டி வெள்ளி மாதிரி பளபளன்னு தெரியும், க்ளாஸ் வார்னிஷ் அடிச்சுட்டு அப்புறம் ஒட்டி, கடைசில மேட் அடிங்க.

பின்னாடி ரெண்டு டீசல் பீப்பாயும் ஒரு மரக்கட்டையும் இருக்கும். சேத்துல மாட்டிக்கிட்டா செயின்ல கட்டி ஏர்றதுக்கு அந்தக் கட்டை. பிளாஸ்டிக்ல மரத்த வரைஞ்சுக்கிட்டு இருக்கறதுக்கு பதிலா வாசல்ல இருக்கற வேப்பமரத்துலேந்து ஒரு குச்சி ஒடைச்சு வெச்சேன். மொத்த டாங்க்லயும் அப்பா கொறை சொல்லாத ஒரே எடம் அது.

மண்ணுக்கு பெரிய சண்டை. செம்மண்ண சலிச்சு மாவாக்கி சக்கரத்துல பூசுனேன், அழகா இருந்துச்சு. மணல் கலர் அடிச்சிருக்க, ராஜஸ்தான்ங்கற, அங்க ஏதுடா செம்மண்ணுன்னார் அப்பா. சரின்னு கழுவிட்டு வெளுத்த மணல் கலர்ல பவுடர் போட்டேன். இப்ப, இவ்ளோ சுத்தமா இருந்தா அது பரேடுக்கு போற டாங்க், ஓட்டுன டாங்க் இல்லங்கறார்.

யாரு வாங்கலாம்? மொத தடவ டாங்க் ஒட்டறவங்க, ரெண்டாவது தடவ ஒட்டறவங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம், பார்ட் கொஞ்சமாத்தான் இருக்கு, பொருத்தம் நல்லா இருக்கு, தப்பு பண்ணா மறைக்க பாவாடை இருக்கு. பித்தளைத் தகடு பார்ட்டு, தனி லிங்க் செயின், உள்ள இன்ஜின் எல்லாம் வேணும்ங்கற பழம் தின்னு கொட்டை போட்டவங்க புது கம்பெனிங்க கிட்டுக்கு போங்க, இது 1990 டிசைன், அந்த வயசு தெரியத்தான் செய்யும். காசு விஷயத்துல மட்டும் ஏமாறாதீங்க, கிட்டு மூவாயிரம்னா நிப்பர், சிமென்ட், பெயின்ட், வார்னிஷ், பிரஷ்ன்னு மொத தடவ இன்னொரு மூவாயிரம் தானா போகும். அடுத்த கிட்டுக்கு அதுல பாதி மிச்சம் இருக்கும்ங்கறத சொல்லித்தான் அடுத்த கிட்டயும் வாங்குவோம்.

அஞ்சுக்கு எவ்ளோன்னு கேட்டா நாலு. கழிச்ச ஒண்ணுல பாதி அந்த செயினுக்கு, பாதி நம்ம ஊர் மார்க்கிங் இல்லாததுக்கு.

இத எழுதிட்டு இருக்கும்போது டாங்க் வீட்ல இல்ல. காலைல அப்பா ஒரு ஸ்வீட் பாக்ஸ்ல பஞ்சு வெச்சு டாங்க்க படுக்க வெச்சு, அவரோட பழைய செக்‌ஷன் ஆளுங்க டீ குடிக்கற எடத்துக்கு எடுத்துட்டுப் போனார். இப்பதான் வந்தார். பாக்ஸ என்கிட்ட குடுத்துட்டு, சட்டைப் பாக்கெட்லேந்து பீரங்கியோட முன்பாதிய எடுத்து மேல வெச்சு, "ரீவொர்க்"னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டார்.